சாயம் போகும் சட்டை: ஆண்களின் உடுப்பும் இணையக் குழுக்களும்

ஆண்கள் உடுப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. கலியாண வீட்டில் பெண்கள் சேலைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், ஆண்கள் அரசியல் பேசுவார்கள் என்பதுதான் நாம் கண்டு பழகிய காட்சி. ஆனால் கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் இணையத்தில் நடந்திருப்பது இதற்கு நேரெதிரானது. சட்டைக் கொலர் எவ்வளவு வளைந்து நிற்கவேண்டும், காற்சட்டையின் கீழ்மடிப்பு எத்தனை அங்குலம் இருக்கவேண்டும், சப்பாத்தின் அடித்தோல் ஒட்டப்பட்டதா தைக்கப்பட்டதா என்பதையெல்லாம் முகம் தெரியாத ஆண்கள் நாள்தோறும் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். கடைகளில் என்ன விற்பனைக்கு வருகிறது என்பதைக்கூட அந்த விவாதங்கள் ஓரளவுக்கு மாற்றியிருக்கின்றன.

இதைப் பொதுப்படையாகப் பேசினால் கைக்குள் அகப்படாது. ஆகவே ஒரேயொரு உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிறந்து, யப்பானில் சட்டதிட்டங்களுடன் வளர்ந்து, பின்னர் இணையத்தின் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பிவந்த 'ஐவி' என்னும் உடைநடைதான் அது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நடையின் கோடைகாலத் துணிக்கு எங்கள் ஊரின் பெயர்: மெட்ராஸ்.

ஐவி என்பது

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலான அமெரிக்கக் கிழக்குக் கரைப் பல்கலைக்கழக மாணவர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உடுத்திய விதத்தைத்தான் ஐவி என்கிறார்கள். தோளில் பஞ்சு வைக்காத, இடுப்பை இறுக்காத கோட், கொலர் முனைகளைப் பொத்தான் போட்டுப் பூட்டும் ஒக்ஸ்ஃபோர்ட் துணிச் சட்டை, காக்கிக் காற்சட்டை, பூட்டோ கயிறோ இல்லாத தோல் சப்பாத்து. நியூ யோர்க்கில் 1818இல் தொடங்கிய புரூக்ஸ் பிரதர்ஸும், யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவனில் 1902இல் தொடங்கிய ஜே. பிரெஸ்ஸும் இதன் முக்கியமான கடைகள். பொத்தான் கொலர் பிறந்ததற்குச் சொல்லப்படும் காரணம் சுவையானது. இங்கிலாந்தில் போலோ ஆடியவர்கள் கொலர் முகத்தில் அடிக்காதபடி அதைச் சட்டையோடு குத்தி வைத்திருந்ததைப் பார்த்து, புரூக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1896இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார் என்பது அந்தக் கடையின் கூற்று.

பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் உடுப்பு பொதுவுடைமையானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இல் வந்தது. இலட்சக்கணக்கானோர் பல்கலைக்கழகம் சென்றார்கள். இராணுவத்தில் கொடுத்த காக்கிக் காற்சட்டையையும் போட்டுக்கொண்டே சென்றார்கள். கறுப்பின இசைக்கலைஞர்கள் இந்த நடையை எடுத்துக்கொண்டபோது அதற்கு இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது. மைல்ஸ் டேவிஸ் 1958இல் வெளியிட்ட 'மைல்ஸ்டோன்ஸ்' இசைத்தட்டின் உறையில் அவர் அணிந்திருக்கும் பச்சைப் பொத்தான்கொலர்ச் சட்டை இன்றும் இணையக் குழுக்களில் வழிபடப்படும் ஒரு பொருள். குடியுரிமைப் போராட்டத்தில் ஊர்வலம் போன கறுப்பின மாணவர் பலரும் இதே கோட்டையும் சட்டையையும்தான் உடுத்தினார்கள். தங்களை உள்ளே விடாத கல்விக்கூடங்களின் உடுப்பை உடுத்திக்கொண்டு தெருவில் நிற்பது எத்தகைய வாதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறுபதுகளின் இறுதியில் தலைமுடி நீண்டது, வியட்நாம் போர் எதிர்ப்பு வலுத்தது, ஐவி அமெரிக்காவிலேயே கிழவர்களின் உடுப்பாகிப் போயிற்று.

ஒரு கழகமும் ஒரு புத்தகமும்

இணையம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இணையக் குழுக்கள் பின்னாளில் செய்த எல்லாவற்றையும் யப்பானியர் சிலர் காகிதத்தில் செய்து முடித்துவிட்டார்கள். ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

கென்சுகே இஷிசு என்பவர் 1951இல் தொடங்கிய நிறுவனம் 'வான்'. போரில் தோற்ற யப்பானில் ஆண்பிள்ளை உடுப்பில் கவனம் செலுத்துவது வெட்கக்கேடான காரியமாகக் கருதப்பட்டது. பாடசாலையில் கறுப்புச் சீருடை, வேலைக்குப் போனால் சாம்பல்நிற சூட், அவ்வளவுதான். இஷிசு இளைஞர்களுக்கு ஐவி உடுப்பைத் தைத்து விற்றார். ஆனால் அதை எப்படி உடுத்துவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தந்தையரோ தமையன்மாரோ இல்லை. அவர்களுக்கே அது தெரியாது. ஆகவே 'மென்ஸ் கிளப்' என்ற சஞ்சிகை ஆசானாயிற்று. கோட்டின் எந்தப் பொத்தானைப் பூட்டவேண்டும், எதைத் திறந்துவிடவேண்டும், எந்த வேளைக்கு, எந்த இடத்துக்கு, எந்த நிகழ்வுக்கு எது பொருந்தும் என்று விதிகள் எழுதப்பட்டன. தொஷியுக்கி குரோசு என்ற இளைஞர் நண்பர்களைச் சேர்த்து ஐவி உடுத்துவோருக்கென்றே ஒரு கழகம் அமைத்தார். அறுபதுகளில் தெருவில் நன்றாக உடுத்திச் செல்லும் இளைஞர்களைப் படம் பிடித்து, அது சரியா பிழையா என்று விமர்சித்து அதே சஞ்சிகையில் பக்கங்கள் வெளிவந்தன. 'இன்று நான் அணிந்திருப்பது' என்று படம் போட்டுக் கருத்துக் கேட்கும் இணைய வழக்கத்துக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடையாது.

1964ஆம் ஆண்டுக் கோடையில் ரோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள மியுக்கி வீதியில் இளைஞர்கள் இந்த உடுப்பில் கூட்டம் கூட்டமாக உலாவத் தொடங்கினார்கள். அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. நின்றார்கள், நடந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒக்ரோபரில் ஒலிம்பிக் போட்டி. வெளிநாட்டார் வரும் நேரத்தில் இந்த 'உதவாக்கரைகள்' கண்ணில் படக்கூடாது என்று செப்ரெம்பரில் பொலிஸார் அவர்களை வளைத்துப் பிடித்தார்கள். அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப்போல ஒழுங்காக உடுத்தியதற்காக ஒருவர் பொலிஸில் பிடிபடுவது உலக உடை வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதில்லை.

மறுவருடம் 'வான்' நிறுவனத்தினர் அமெரிக்காவுக்கே போய் அங்குள்ள மாணவர்களைப் படம்பிடித்து வந்தார்கள். பெற்றோருக்கும் பொலிஸாருக்கும், பாருங்கள், இது கௌரவமான உடுப்பு என்று காட்டுவது நோக்கம். போன இடத்தில் அவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. மாணவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், முக்கால்வாசிப் பேர் கிழிசல் அரைக்காற்சட்டையும் இரப்பர்ச் செருப்புமாகத் திரிந்தார்கள். தாங்கள் ஊரில் எழுதி வைத்த விதிகள் எதையும் அமெரிக்கர்கள் கேள்விப்பட்டதேயில்லை. ஆனாலும் தெருயோஷி ஹயாஷிடா எடுத்த படங்கள் 'டேக் ஐவி' என்ற புத்தகமாக 1965இல் வெளிவந்தன. டேவ் புரூபெக் குழுவினரின் 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் இசைத்துண்டின் பெயரை வைத்துச் செய்த சொல்விளையாட்டு அது. வான் நிறுவனம் 1978இல் நொடித்துப் போனது. புத்தகம் நிலைத்தது.

மெட்ராஸ்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

கோடையில் ஐவிக்காரர் அணிந்த கட்டம்போட்ட பருத்திச் சட்டைக்கும் அரைக்காற்சட்டைக்கும் கோட்டுக்கும் மெட்ராஸ் என்று பெயர். துணியில் அச்சடித்த கட்டமல்ல. நூலுக்கு முதலில் சாயமேற்றி, பாவிலும் ஊடையிலும் வெவ்வேறு நிறங்களை ஓடவிட்டு நெய்வது. ஆகவே துணியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலிருக்கும். கைத்தறியில் நெய்ததென்றால் நூலில் அங்கங்கே சிறு தடிப்புகளும் முடிச்சுகளும் தெரியும்.

ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் கட்டத்துணியைப் பார்த்துத்தான் மெட்ராஸ் நெசவாளர்கள் இதை நெய்யக் கற்றுக்கொண்டார்கள் என்றொரு கதை ஆங்கிலத்தில் அடிக்கடி சொல்லப்படும். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. கும்பினியார் 1639இல் மதராசபட்டினத்தில் இடம் வாங்கியதற்கே அங்கே துணி மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். அதற்கும் ஒரு தலைமுறைக்கு முன்னரே, 1610 முதல், ஒல்லாந்தர் பழவேற்காட்டில் உட்கார்ந்து துணியைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியர் வாயில் 'பலியக்காட்' ஆகிய பழவேற்காட்டின் பெயர் மலாய் மொழியில் இன்றும் வாழ்கிறது. அங்கே ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட சாரத்துக்குப் பெயர் 'காயின் பெலிகாட்'. இலங்கையிலும் 'பலேகாட்' சாரம் என்ற சொல் வழங்கியது. நெசவாளர்களை ஓரிடத்தில் குடியமர்த்தினால்தான் வணிகம் நடக்கும் என்று கும்பினி ஆளுநர்கள் உருவாக்கிய ஊர்கள் இப்போதும் சென்னையில் இருக்கின்றன: திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, ஆளுநர் கொலெட்டின் பெயரால் வந்தது, சிந்தாதிரிப்பேட்டை, சின்னத்தறிப்பேட்டை என்பதன் திரிபு என்பர்.

அங்கிருந்து துணி போகாத திசையில்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பிலும் இறப்பிலும் சடங்குத் துணியாகக் கொண்டார்கள். சில நூல்களை மட்டும் கத்தியால் வெட்டி உருவிவிட்டுப் புதிய கோலம் செய்யும் கலையொன்றும் அவர்களிடம் உண்டு. கரிபியன் கடலில் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் பெண்கள் தலையில் கட்டும் துணிக்குப் பெயரே 'மத்ராஸ்'. 1850களில் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக அங்கே கரும்பு வெட்டப் போன தமிழர்களுக்கு முன்னரே துணி போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

அமெரிக்கத் தொடர்புக்கும் ஒரு பழைய வேர் உண்டு. மதராசின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல் என்பவர், ஊழல் குற்றச்சாட்டில் பதவி இழந்து, பெரும் பணத்தோடு இங்கிலாந்து திரும்பியவர். அடிமை வணிகத்தோடும் அவருடைய ஆட்சிக்குத் தொடர்புண்டு. அமெரிக்காவில் பணமின்றித் தவித்த ஒரு கல்லூரிக்கு அவர் 417 புத்தகங்களையும் ஓர் அரசர் படத்தையும் ஒன்பது பொதி சரக்கையும் அனுப்பினார். சரக்கு விற்று 562 பவுண் கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு 1718இல் அவர் பெயரை வைத்தார்கள். ஐவிக் கோட்டைகளில் ஒன்றான யேல் பல்கலைக்கழகம் அப்படித்தான் பெயர் பெற்றது.

இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்ததாகச் சொல்லப்படும் கதை இன்னும் சுவையானது. கண்ணூரில் கைத்தறி வணிகத்தைத் தொடங்கி, பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கப்டன் கிருஷ்ணன் நாயர் (1922-2014) அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மெட்ராஸ் வந்து, கெஜம் ஒரு டொலர் விலையில் பத்தாயிரம் கெஜம் வாங்கினார். இயற்கைச் சாயம், குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் துவைக்கவேண்டும் என்று இங்கே சொல்லியனுப்பினார்கள். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சட்டையின் நிறம் கழன்று கூட இருந்த வெள்ளைத் துணியிலெல்லாம் ஏறியது. வழக்குப் போடுவோம் என்ற அளவுக்குப் போயிற்று விவகாரம். அப்போது ஒரு விளம்பர மூளை வேலை செய்தது. பெண்பிள்ளைகளுக்கான 'செவன்டீன்' சஞ்சிகையில் இந்த அதிசயத் துணியைப் பற்றிக் கட்டுரை வந்தது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டையாகிவிடும். சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். குறை, ஒரே வாரத்தில் குணமாயிற்று. அதன்பின் சாயம் போகாத துணிதான் போலி மெட்ராஸ் என்றானது.

விற்பனைக்காரர் சொல்லும் கதை என்பதால் கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். ஆனால் அறுபதுகளில் அமெரிக்க மாணவர்கள் சாயம் போகும் மெட்ராசைத் தேடித்தேடி வாங்கினார்கள் என்பதில் ஐயமில்லை. வாங்கியவுடன் சட்டையைப் பலமுறை துவைத்து நீண்டநாள் உடுத்தியதுபோல ஆக்கியவர்களும் உண்டு. புதிதாகத் தெரிவது பட்டிக்காட்டுத்தனம் என்பது ஐவியின் எழுதாத விதி.

இணையம் என்ன செய்தது

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அமெரிக்க அலுவலகங்களில் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டாயமில்லாமற் போயிருந்தன. கட்டாயம் இருந்தவரை எல்லோருக்கும் தெரிந்திருந்த அறிவு, கட்டாயம் நீங்கியதும் சிலருக்கு மட்டும் உரிய ஆர்வமாக மாறியது. 2002இல் ஸ்டைல்ஃபோரம் தொடங்கியது. அதே காலத்தில் 'ஆஸ்க் ஆண்டி எபௌட் குளோத்ஸ்' என்ற களமும், சலவை செய்யாத டெனிம் துணிப் பித்தர்கள் கூடிய சூப்பர்ஃபியூச்சரும் இயங்கின. 'லண்டன் லவுஞ்ச்' என்ற களத்தினர் ஒருபடி மேலே போய், கடைகளில் கிடைக்காத பழைய துணிகளைத் தாங்களே பணம் சேர்த்து ஆலைகளில் நெய்வித்தார்கள்.

2008இல் ஓர் அமெரிக்க வலைப்பதிவர் 'டேக் ஐவி'யின் பக்கங்களை வருடி எடுத்து வலையேற்றினார். அதே ஆண்டில் 'ஐவி ஸ்டைல்' என்ற வலைப்பதிவும் தொடங்கியது. யப்பானுக்கு வெளியே அநேகமாக எவரும் பார்த்திராத அந்தப் படங்கள் களத்துக்குக் களம் பரவின. புத்தகத்தின் பழைய பிரதி ஏலத்தில் ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2010இல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தபோது உடுப்புக் கடைகளே அதை மேசையில் அடுக்கி வைத்து விற்றன. தங்கள் தந்தையர் எப்படி உடுத்தினார்கள் என்பதை அமெரிக்கர்கள் ஒரு யப்பானியப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஜே. பிரெஸ் கடையோ 1986 முதலே ஒரு யப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தம். இந்த விசித்திரப் பயணத்தை விரிவாக அறிய விரும்புவோர் டபிள்யூ. டேவிட் மார்க்ஸ் 2015இல் எழுதிய 'அமெதோரா'வைப் படிக்கலாம்.

களங்களின் செல்வாக்கு எவ்வழியாக வேலை செய்தது என்பதே இங்கு முக்கியமான கேள்வி. முதலாவது, மொழி. தோள் எங்கே முடியவேண்டும், கோட்டின் கொலர் கழுத்தைவிட்டு விலகுவது ஏன் பிழை என்று சொல்ல வார்த்தை இல்லாதவரை ஒருவனுக்குத் தன் கோட்டில் பிழை தெரியாது. வார்த்தை கிடைத்த மறுகணம் அது ஊரிலுள்ள எல்லோர் கோட்டிலும் தெரியத் தொடங்கும். இரண்டாவது, அநாமதேயம். அலுவலக நண்பனிடம் இந்தக் காற்சட்டை எனக்குப் பொருந்துகிறதா என்று ஆண் கேட்கமாட்டான், புனைபெயரில் கேட்பான். தலையை வெட்டிவிட்டுக் கழுத்துக்குக் கீழே மட்டும் படம் போடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. அந்தத் தலையில்லாத முண்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டன. மூன்றாவது, தயாரிப்பாளர்களோடு நேரடித் தொடர்பு. ஒரு களத்தில் நாற்பது பேர் சேர்ந்தால் சப்பாத்துக்காரரிடம் தாங்கள் விரும்பிய தோலில், விரும்பிய அச்சில் செய்து வாங்கலாம். சிறு கடைகளுக்கு இது உயிர்ப்பிச்சை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2009இல் ரெடிட்டில் தொடங்கிய ஆண்கள் உடை ஆலோசனைக் குழுவில் காலப்போக்கில் மில்லியன் கணக்கானோர் சேர்ந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்வி: எனக்கு ஒன்றும் தெரியாது, எதை வாங்க? ஆகவே பட்டியல்கள் எழுதப்பட்டன. வெளிர்நீல ஒக்ஸ்ஃபோர்ட் சட்டை, கருநீல ஒடுங்கிய ஜீன்ஸ், மணல்நிறக் கணுக்கால் சப்பாத்து. சில ஆண்டுகளில் சியாற்றிலிலும் சிங்கப்பூரிலும் கணினித் துறை இளைஞர்கள் ஒரே தாயின் பிள்ளைகள்போலத் திரிந்தார்கள். தன் நடையைத் தேடி வந்தவனுக்குச் சீருடை கிடைத்தது. இதைக் குழுவினரே கேலி செய்துகொண்டார்கள் என்பதையும் பதிவு செய்யவேண்டும். இணையத்தில் படித்துக் கனவானாகிய பேர்வழிக்கு 'ஐ-ஜென்ட்' என்று அவர்களே பட்டம் சூட்டினார்கள்.

நானும் ஒரு காலத்தில் இவ்வாறான களமொன்றில் பெயர் மறைத்து உலாவியவன்தான். காற்சட்டை உடம்போடு ஒட்டியிருக்கவேண்டும் என்று அங்கே அப்போது ஒருமனதாகத் தீர்ப்பாகியிருந்தது. நானும் மூன்று வாங்கினேன். ரொறன்ரோ பேருந்தில் அவற்றோடு உட்காருவது ஒரு வித்தை. பத்து ஆண்டுகள் கழித்து அதே களத்தில், அதே உறுதியோடு, காற்சட்டை அகலமாக இருப்பதே அழகு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு பேசியவர்கள் சிலரே அவர்களில் இருந்தார்கள்.

கருத்துக்களங்களின் காலம் இப்போது பெருமளவு முடிந்துவிட்டது. படங்களும் சிறு காணொளிகளும் அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. பத்துப்பேர் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்து சண்டை பிடித்துக் கற்றுக்கொள்ளும் நிலை போய், ஒருவர் பேச இலட்சம் பேர் பார்க்கும் நிலை வந்திருக்கிறது. ஆனால் அங்கு உருவான அறிவு அழியவில்லை. ஸ்டைல்ஃபோரத்தில் நெடுங்காலம் எழுதிய டெரிக் கை, 2023 அளவில் அரசியல்வாதிகளின் கோட்டுகளை ட்விட்டரில் அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழடைந்தது ஓர் எடுத்துக்காட்டு. களங்களில் பழைய உடுப்பை விற்று வாங்கிய பழக்கத்திலிருந்துதான் 'கிரெய்ல்ட்' என்ற விற்பனைத்தளமும் பிறந்தது. கடைகளுக்குத்தான் விதி வேறாக இருந்தது. இணைய ஐவிக்காரர்களின் செல்லக்கடையான ஜே. குரூ 2020 மே மாதத்திலும், புரூக்ஸ் பிரதர்ஸ் அதே ஆண்டு யூலையிலும் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றன. இரண்டும் கைமாறிப் பிழைத்துக்கொண்டன.

தறியின் பக்கம்

இந்தக் களங்களில் ஐவிக்காரர்களின் மெட்ராஸ் பேச்சைப் படிக்கும் தமிழனுக்கு ஒரு வினோதமான உணர்வு வரும். பழைய சாயம்போகும் மெட்ராஸ் சட்டையொன்று எங்காவது கிடைத்தால், புதையல் கிடைத்ததுபோலப் படம் போடுவார்கள். கொலரின் உட்புறத்து அடையாளச்சீட்டை உருப்பெருக்கிக் காட்டுவார்கள். எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று வாதம் நடக்கும். யார் நெய்தது என்று கேட்டவரை மட்டும் நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். கோட்டுத் தைத்த நேப்பிள்ஸ் தையற்காரரின் பெயரும், டெனிம் நெய்யும் ஒக்காயாமாத் தறியின் வயதும் தெரிந்திருக்கும் அதே ஆட்களுக்கு, மெட்ராஸ் என்பது வெறும் ஒரு நிறச்சேர்க்கையாகவே இருக்கிறது.

அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அப்பா வீட்டில் உடுத்திய சாரமும் அதே கட்டம்தான். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால், அவர் ஓடிப்போய்க் காற்சட்டை மாற்றிக்கொண்டு வருவார். நல்ல உடுப்பு என்றால் வெள்ளை வேட்டி அல்லது வெள்ளைக்காரன் உடுப்பு. கட்டம்போட்ட கைத்தறி உழைப்பாளியின் உடுப்பு, படுக்கை உடுப்பு. அந்தக் கட்டத்தை 90 டொலருக்குச் சட்டையாகக் கண்ணாடிப்பெட்டிக்குள் பார்த்த அன்றுதான் அது அழகு என்று எனக்கு உறைத்தது. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

நெசவின் நிலையை இரண்டு எண்களில் சொல்லலாம். இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009-10இல் கைத்தறித் தொழிலாளர் 43.31 இலட்சம் பேர், 2019-20இல் 35.22 இலட்சம். அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். சேலை, வேட்டி, லுங்கி உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் குறிப்பிட்ட விதத்தில் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது. ஆனாலும் சந்தையில் கிடைக்கும் லுங்கியில் பெரும்பகுதி விசைத்தறியில் வந்தது என்பது ஊருக்கே தெரியும். இன்று மெட்ராஸ் என்ற பெயரில் உலகக் கடைகளில் விற்கப்படும் சட்டைகளிலும் பெரும்பாலானவை இயந்திரத்தில் நெய்து, சாயம் போகாத இரசாயன நிறம் ஏற்றியவை. நிறம் கழன்றால் திருப்பிக் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு வேறென்ன விற்பது? கைத்தறி மெட்ராஸ் ஒருசிலரிடம் மட்டும், சிறிய அளவில், இன்னும் கிடைக்கிறது.

கிடைத்தால் அடையாளம் காண்பதற்குச் சில குறிப்புகள். உள்ளும் புறமும் ஒரே நிறமாயிருக்கிறதா பாருங்கள். உட்புறம் வெளிறியிருந்தால் அது அச்சு. வெளிச்சத்தில் பிடித்தால் நூலின் தடிப்புகள் ஒழுங்கில்லாமல் அங்கங்கே தெரியவேண்டும். கட்டங்களும் அச்சொட்டாக ஒரே அளவில் இராது. முதல் முறை உப்புக் கலந்த குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். வெள்ளை உடுப்பு எதையும் அதனோடு சேர்த்துப் போடவேண்டாம்.